மேற்குப் பக்கத்து ஜன்னல் கற்றுத் தந்தது

தக்கலைக்குப் பக்கத்தில் அப்பா கட்டிய வீடு எங்களுடையது. ஜன்னல்கள் எல்லாம் பலாமரம். ஓர் ஐப்பசி மழையில், மேற்கு அறை ஜன்னலைச் சாத்தப்போன அம்மாவின் கையோடு கதவு பெயர்ந்து வந்துவிட்டது. கீல் முடுக்கியிருந்த இடத்தில் மரமே இல்லை. ஈரமான பழுப்புத் தூள்தான் இருந்தது. மேல் பெயிண்ட் மட்டும் பளபளப்பாக நின்றது.

இரண்டு வருஷத்துக்கு முன்பே அந்த மூலையில் விரல் நுழையும் ஓட்டையை நான் பார்த்திருந்தேன். சிமென்ட் குழைத்து அடைத்து, மேலே இரண்டு கை எனாமல் பெயிண்ட் அடிக்க வைத்தேன். ஓட்டை மறைந்ததும் கவலையும் மறைந்துவிட்டது.

வேலைக்கு வந்த தச்சு அண்ணாச்சி திருப்புளியால் கீழ்ச்சட்டத்தைக் குத்திக் காட்டினார். "தம்பி, நனைஞ்ச மரம் காஞ்சிட்டா ஒண்ணும் ஆகாது. உள்ள போன தண்ணி வெளிய வர வழி இல்லேன்னாதான் உக்கும். நீங்க அந்த வழிய அடச்சிட்டீங்க" என்றார். அன்றிலிருந்து மரவேலை எதுவானாலும் அந்தப் பேச்சை வைத்துத்தான் யோசிக்கிறேன்.

எதனால் உக்குகிறது?

மரத்தைத் தின்பது பூஞ்சை. அதற்கு உணவு மரம். நம் ஊர் வெப்பமும் அதற்குத் தோதானது. இரண்டையும் நாம் மாற்ற முடியாது. ஆனால் மரத்தின் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சையால் வளர முடியாது. அதனால் நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். குமரி மாவட்டத்தில் ஜூனில் இடவப்பாதி மழை மேற்கிலிருந்து சாய்ந்தடிக்கும். நனைந்த மரம் நன்றாகக் காய்வதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். மேற்கு ஜன்னல் முதலில் போனதற்குக் காரணம் அதுதான்.

சிதல் அரித்தால் மண் தடம் இருக்கும். உக்கிய மரம் கறுத்து, கட்டம் கட்டமாக வெடித்து, விரலில் நொறுங்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் முதலில் எது என்று பாருங்கள்.

சரிசெய்த விதம்

உக்கிய பகுதியோடு நிற்காமல், நல்ல மரத்துக்குள்ளும் இரண்டு அங்குலம் தள்ளி அண்ணாச்சி வெட்டினார். மழை முடியும்வரை ஜன்னலைத் திறந்தே காயவிட்டோம். சாரல் படாமல் வெளியே தார்ப்பாயைச் சற்றுத் தள்ளிக் கட்டினோம். ஒட்டிக் கட்டினால் காற்றே போகாது. பிறகு போரிக் அமிலமும் வெங்காரமும் வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் தடவினோம். கையுறை போட்டுத்தான் செய்தோம். மேலே பெயிண்ட் இல்லாவிட்டால் இந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும்.

புதுத் துண்டுக்கு வைரம் பாய்ந்த மரம் மட்டும் வாங்கினோம். தேக்கே ஆனாலும் வெளிப்புற வெள்ளைப் பகுதி சீக்கிரம் உக்கும் என்பதை அப்போது தெரிந்துகொண்டேன். ஒட்டைச் சாய்வாக வெட்டி, தண்ணீர் தாங்கும் மரப்பசையால் சேர்த்தார். சாய்வு வெளிப்பக்கம் பார்த்து இறங்கியதால் தண்ணீர் அங்கே தேங்காது.

உக்காமல் காக்க

மரம் பக்கவாட்டில் குடிப்பதைவிட வெட்டுமுனை வழியாகப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். ஜன்னல் கதவின் அடிவிளிம்புக்கு யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை. அங்கேதான் வெட்டுமுனைகள் இருக்கின்றன. கதவைக் கழற்றி அடியில் இரண்டு மூன்று கை பிரைமர் கொடுங்கள்.

ஜன்னல் திண்டுக்கு வெளிப்பக்கம் வாட்டம் வேண்டும். சன்ஷேடின் அடியில், விளிம்புக்குச் சற்று உள்ளே அரை அங்குலக் காடி இருந்தால், அடிப்பக்கமாக ஊர்ந்து வரும் தண்ணீர் காடியைத் தாண்டாமல் சொட்டிவிடும். எங்கள் சன்ஷேடில் காடியே இல்லை. கொத்தனாரை வைத்துப் போட்டுக்கொண்டோம்.

பெயிண்ட் வேலையைப் பங்குனி, சித்திரை வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஈர மரத்தின் மேல் அடிக்கும் பெயிண்ட், ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும்.

சந்தேகம் இருந்தால் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருமுறை போய் வாருங்கள். இதே மழையில் நூற்றாண்டுகளாக அங்கே மரம் நிற்கிறது. தாழ்ந்து நீண்ட இறவாரங்களின் கீழே நின்று பாருங்கள். சுவரையும் மரத்தையும் சாரலிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பது புரியும். மரத்தை நனைய விடாததுதான் அவர்களுடைய முதல் பாதுகாப்பு.

இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை, இடவப்பாதிக்கு முன்பும் ஐப்பசிக்கு முன்பும், திருப்புளியும் உப்புத்தாளுமாக எல்லா ஜன்னல்களையும் சுற்றி வருகிறேன். கீழ் மூலைகளைக் குத்திப் பார்ப்பேன். பெயிண்ட் வெடித்த இடத்தைத் தேய்த்துக் காயவிட்டு, அன்றைக்கே பிரைமர் வைப்பேன். அரைநாள் வேலைதான். மேற்கு ஜன்னலின் அந்த ஒட்டில் திருப்புளி முனை இன்றுவரை இறங்கவில்லை. அம்மா அதைத் தயங்காமல் இழுத்துச் சாத்துகிறார்.