கட்டளை போனது, வேலை முடிந்ததா?

சிதம்பரம்

அன்புள்ள கயல்,

கல்லூரி ஆய்வகத்து சிக்னல் ஜெனரேட்டரைக் கணினியிலிருந்து இயக்கப் போகிறாய் என்று அண்ணி சொன்னார். ஃபில்டரின் ரெஸ்பான்ஸ் எடுக்கத்தானே? குமிழைத் திருப்பியே எடுக்கலாமே என்று யாராவது கேட்டால், சென்னை தரமணியில் உள்ள சமீர் மையத்தைச் சொல். மின்னணுக் கருவிகளின் மின்காந்தக் குறுக்கீட்டை அங்கே சோதிக்கிறார்கள். ரேடியோ அலையைக் கருவி தாங்குமா என்று பார்ப்பதற்கான ஐஇசி 61000-4-3 தரம், 80 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி, படிக்கு 1 சதவீதத்துக்கு மேல் கூட்டாமல் போகச் சொல்கிறது. 1 கிகாஹெர்ட்ஸை எட்டுவதற்குள் 250 படிக்கு மேல் ஆகிவிடும். ஆன்டெனாவைக் கிடையாக ஒரு முறை, செங்குத்தாக ஒரு முறை வைத்து, கருவியின் நான்கு பக்கமும் இதையே செய்தால் 2,000 தாண்டும். எந்தக் கை தாங்கும்?

ஜெனரேட்டரின் பின்பக்கம் 24 பின் கொண்ட அகலமான சாக்கெட் இருந்தால் அதுதான் ஜிபிஐபி. 1960-களின் கடைசியில் ஹியூலெட்-பேக்கார்டு தன் கருவிகளுக்காக உருவாக்கியது, 1975-ல் ஐஇஇஇ 488 என்ற தரமானது. கணினியையும் சேர்த்து 15 கருவிகள், மொத்தக் கேபிள் 20 மீட்டருக்குள். எட்டுக் கம்பி தரவுக்கு, ஐந்து நிர்வாகத்துக்கு. இன்னும் மூன்று கம்பி உண்டு, அவற்றில்தான் அழகே இருக்கிறது. டிக்டேஷன் சொல்லும் ஆசிரியர், வகுப்பிலேயே மெதுவாக எழுதுகிறவன் பேனாவைத் தூக்கும்வரை அடுத்த சொல்லுக்குப் போகாத மாதிரி. கேட்கிற கருவிகளில் ஒன்றே ஒன்று 'இன்னும் வாங்கவில்லை' என்று கம்பியை இழுத்துப் பிடித்தாலும் எல்லாம் காத்திருக்கும். வேகம் குறையலாம், எழுத்து தொலையாது.

இதை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். எழுத்து போய்ச் சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அந்த மூன்று கம்பி சாட்சி. ஜெனரேட்டர் அதிர்வெண்ணை மாற்றி நிலைப்பட்டதா என்பது அவற்றுக்குத் தெரியாது. கட்டளை அனுப்பிய அடுத்த வரியிலேயே மீட்டரைப் படித்தால், மாறிக்கொண்டிருக்கும் சிக்னலைப் படித்துவிடுவாய். வரைபடம் என்னவோ லட்சணமாகத்தான் வரும்! 1987-ல் வந்த 488.2 இதற்கென்றே ஒரு கேள்வி வைத்திருக்கிறது: நட்சத்திரக்குறி, ஓபிசி, கேள்விக்குறி. வேலை முடிந்ததும் கருவி 1 என்று பதில் தரும். அதையும் முழுதாக நம்பாதே. வெளியீடு அடங்குவதற்கு முன்பே 1 சொல்லும் கருவிகள் உண்டு. கையேட்டில் செட்லிங் நேரத்தைப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நிரலில் காத்திரு. எல்லைக்கு மீறிய பவர் கேட்டால் கருவி சத்தம் போடாது. பிழையைத் தன் வரிசையில் குறித்துக்கொண்டு இருந்துவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வரிசையைக் கேட்டு வாங்கு.

கட்டளைகளின் மொழி 1990-ல் எஸ்சிபிஐ வந்த பிறகுதான் ஒருமாதிரி பொதுவானது. அதற்கு முந்திய ஜெனரேட்டர் என்றால், பைத்தானின் பைவிசா நூலகத்தில் எழுதினாலும் அதன் சொந்தச் சுருக்கெழுத்தில்தான் பேசியாக வேண்டும். ஹியூலெட்-பேக்கார்டு 8656-இல் 100 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமானால் 'எஃப்ஆர் 100 எம்இசட்'.

நிரல் ஓடும்போது முன்பலகைப் பொத்தான்கள் வேலை செய்யாது. பழுதென்று பயந்து சுவிட்சை அணைக்காதே, ரிமோட் விளக்கு எரிகிறதா பார், 'லோக்கல்' பொத்தானை அழுத்து. கேபிளின் திருகுகளையும் கவனி. கறுப்புத் திருகு மெட்ரிக் மரை, வெள்ளி நிறத்தது பழைய அங்குல மரை. ஒன்றை இன்னொன்றில் திணித்தால் இரண்டும் கெடும். உங்கள் கடலூர் உப்புக் காற்றில் பின்கள் பச்சை பிடித்திருந்தால், நிரலில் தப்புத் தேடுவதற்கு முன் அவற்றைத் துடை.

பின்பக்கத்து ஐந்து குட்டி சுவிட்சுகள் எந்த முகவரியில் இருக்கின்றன என்பதையும் மாடல் எண்ணையும் எழுதி அனுப்பு. முதல் பத்து வரியை நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
சித்தப்பா