புல்தரையில் முளைக்கும் வெண்குடைக் காளான்

மழை இரண்டு நாள் தொடர்ந்து பெய்து ஓய்ந்ததும், பூங்காக்களிலும் பள்ளி மைதானங்களிலும் வீட்டுத் தோட்டத்துப் புல்தரையிலும் வெண்ணிறக் காளான்கள் குடைவிரித்து நிற்பதைக் காண்கிறோம். சில இடங்களில் அவை வட்டம் வரைந்தாற்போல் வரிசையாக முளைத்திருக்கும். குளோரோஃபில்லம் மாலிப்டைட்டீஸ் என்னும் நச்சுக்காளான் விரும்பி வளரும் இடம் இதுவே. வெப்பநாடுகள் பலவற்றில் பரவியுள்ள இதனை, உண்ணத்தக்க காளான் எனக் கருதிச் சமைப்போர் எங்கும் உள்ளனர்.

இளமையில் இக்காளான் உருண்டைத் தலை கொண்ட சிறு குச்சிபோல் இருக்கும். விரிந்தபின் குடையின் அகலம் 10 முதல் 25 சென்டிமீட்டர் வரை வரும். வெண்ணிற மேற்புறத்தில் பழுப்புச் செதில்கள் சிதறிக் கிடக்கும்; நடுவில் அவை ஒன்றுகூடித் திட்டாகத் தெரியும். தண்டின் மேற்பகுதியில் தடித்த வளையம் ஒன்று உண்டு. குடையைக் கவிழ்த்துப் பார்த்தால் புத்தக ஏடுகள்போல் மெல்லிய தகடுகள் தென்படும். ஏமாற்றம் நிகழ்வது இங்கேதான். இளங்காளானில் அத்தகடுகள் தூய வெண்மையாகவே இருக்கின்றன. முதிர்ந்த பின்னரே சாம்பல் கலந்த பச்சையாகின்றன. முதிர்ந்த குடையை வெள்ளைத்தாளில் கவிழ்த்து ஓரிரவு மூடிவைத்தால் பச்சைநிறத் துகள் படியும். ஆனால் சமையலுக்குப் பறிக்கப்படுவது பெரும்பாலும் இளங்காளானே. அதில் அந்தப் பச்சையைத் தேடிப் பயனில்லை.

நம் ஊர்களில் மக்கள் நெடுங்காலமாக உண்டுவரும் புற்றுக்காளானின் பிறப்பிடம் வேறு. கறையான்கள் மண்ணுக்கடியில் பேணும் பூஞ்சைத் தோட்டத்திலிருந்து அது எழுகிறது. பெரிய வகைகளில் தண்டு வேர்போல் நீண்டு ஆழத்திற்குச் செல்லும். குடையின் உச்சி கூர்த்திருக்கும். துகள் வெளிறிய இளஞ்சிவப்பாகப் படியும். எனினும், புற்றருகே முளைத்தது என்பதொன்றே சான்றாகாது. வெள்ளிக்கரண்டி கறுக்கவில்லை, பூண்டு நிறம் மாறவில்லை, பூச்சி அரித்திருக்கிறது என்பனவும் சான்றல்ல. இவற்றை நம்பிக் காட்டுக்காளானைச் சமைப்பதைவிடக் கடையில் பால்காளானோ சிப்பிக்காளானோ வாங்குவதே மேல் என்பது எமது உறுதியான கருத்து.

இந்த வெண்குடையை உண்டவருக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்குள் கடும் வாந்தியும் வயிற்றுவலியும் பேதியும் தொடங்கும். உடலின் நீரிழப்பே பெரிய ஆபத்து. குழந்தைகள், முதியோர், சிறுநீரக நோயாளிகள், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருந்து உண்போர் ஆகியோர் விரைவில் தளர்ந்துவிடுவர். அன்றாடம் உண்ணும் மருந்துகளின் பட்டியலை உடன் கொண்டுவருவது மருத்துவருக்குப் பேருதவியாகும்.

உண்டு ஆறு மணி நேரம் கடந்தபின் வாந்தி தொடங்கினால் அது மேலும் கவலைக்குரியது. கல்லீரலை அழிக்கும் அமானிட்டா இனக் காளான்கள் அவ்வாறே தாமதித்துத் தாக்குகின்றன. அவற்றுள்ளும் வெண்ணிறமானவை உண்டு. கொதிக்கவைத்தாலும் அந்நஞ்சு அழியாது. ஒரு நாளுக்குப்பின் வயிறு அடங்கி நோயாளி தேறியதுபோல் தோன்றுவார். உள்ளே கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். அந்தத் தெளிவைக் கண்டு வீட்டிலேயே தங்கிவிடலாகாது. பல வகைக் காளான்களைக் கலந்து சமைத்திருந்தால், வாந்தி விரைவில் வந்தது என்பதைக்கொண்டும் ஆறுதல் கொள்ள முடியாது.

எனவே உண்ட நேரத்தையும் முதல் வாந்தியின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். உப்புநீர் கொடுத்து வாந்தியைத் தூண்ட வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அதே உணவை உண்ட அனைவரும், நலமாக இருப்பவர் உட்பட, மருத்துவமனைக்கு வர வேண்டும். மீந்த குழம்பையும் சமைக்காத காளானையும் கொண்டுவாருங்கள். காளானை அடித்தண்டோடு தோண்டியெடுத்துத் தாளில் சுற்றுவது நல்லது. பிளாஸ்டிக் பையில் அது விரைவில் அழுகிவிடும்.