பழைய றேடியோவுக்கு வரைபடம் தர மறுத்தால் வழக்குப் போடலாமா?

கேள்வி: எனது தகப்பனார் 1981 இல் சவூதியில் வேலை செய்தபோது கொண்டுவந்த யப்பான் றேடியோ கசெற் பெட்டி ஒன்று எங்களிடம் இருக்கிறது. 1990 இல் தெல்லிப்பழையை விட்டு இடம்பெயர்ந்தபோதும் அதைக் கைவிடவில்லை. இப்போது கசெற் ஓடுவதில்லை, றேடியோவும் இரைகிறது. திருத்தக் கொடுத்த கடைக்காரர், "சேர்க்கிற் வரைபடம் இல்லாமல் ஒன்றும் செய்ய ஏலாது, ஐ.சி.யும் எடுக்க ஏலாது" என்கிறார். கொழும்பு முகவர் நிறுவனத்துக்கு எழுதினேன். பழைய மொடலுக்குப் பாகங்கள் இல்லை, சேவிஸ் மனுவல் வெளியாருக்குக் கொடுப்பதில்லை என்று பதில் வந்தது. சட்டப்படி கேட்டு வாங்க முடியுமா? இணையத்தில் அந்த மனுவலின் பிரதி கிடக்கிறது. அதை அச்சிட்டால் குற்றமா? கடைக்காரர் பார்த்ததற்குக் கூலி கேட்டுப் பெட்டியைத் தராமல் வைத்திருக்கிறார். பெட்டியின் பின்மூடியையும் அங்கே காணவில்லை.
– வாசகர், தெல்லிப்பழை

பதில்: முகவரிடம் சட்டப்படி கேட்டு வாங்க முடியாது. திருத்தும் கையேட்டையும் உதிரிப்பாகத்தையும் பாவனையாளருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இலங்கையில் இல்லை. விற்ற பொருள் தரமாக இருக்க வேண்டும் என்பதற்கு 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. கொடுத்த உத்தரவாதத்தைக் காப்பாற்ற வைப்பதற்கு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. முதலாவது விற்றவரைப் பிடிக்கும்; இரண்டாவது உத்தரவாதம் கொடுத்த உற்பத்தியாளரையோ வியாபாரியையோ பிடிக்கும். உங்கள் தகப்பனாருக்கு விற்றது சவூதிக் கடை; கொழும்பு முகவருக்கும் உங்களுக்கும் இடையில் எந்த ஒப்பந்தமும் உத்தரவாதமும் இல்லை.

பாகம் இல்லை என்று முகவர் சொன்னதையும் பொய்யென்று எடுக்க வேண்டாம். யப்பான் கம்பனிகள் தொலைக்காட்சிக்கே உற்பத்தி நின்றபின் 8 ஆண்டுகள் அளவில்தான் பாகங்களை வைத்திருப்பது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் 2021 மார்ச் முதல் தொலைக்காட்சிகளுக்கு 7 ஆண்டுகள் பாகம் கிடைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2024 யூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம் பாகத்தோடு கையேட்டையும் கொடுக்கச் சொல்கிறது. இந்தியா 2022 டிசம்பரில் திருத்தும் தகவலுக்கென ஒரு இணையத்தளம் திறந்தது. அதில் சேர்வது கம்பனிகளின் விருப்பம். இவை எல்லாம் புதுப் பொருட்களுக்கு. 1981 இல் வாங்கிய பெட்டிக்கு எந்த நாட்டுச் சட்டமும் வரைபடம் வாங்கித் தராது.

இனி அச்சிடும் விடயம். சேவிஸ் மனுவலுக்குப் பதிப்புரிமை உண்டு. பெட்டி பழசு என்பதால் அது போய்விடாது. அந்த உரிமை மீறப்படுவதைக் கம்பனிகள் சும்மா விடுவதும் இல்லை. 2012 இல் தோஷிபாவின் அவுஸ்திரேலியக் கிளை, மடிகணினி மனுவல்களைத் திரட்டி இலவசமாக வெளியிட்ட ஒருவருக்குச் சட்டக் கடிதம் அனுப்பி அவற்றை நீக்க வைத்தது. ஆனால் அவர் செய்தது வெளியீடு. நீங்கள் கேட்பது சொந்தப் பாவனை. எங்கள் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு, ஒருவர் தன் சொந்தத் தேவைக்கு ஒரே ஒரு பிரதி எடுக்க இடம் கொடுக்கிறது. அதில் இரண்டு முடிச்சுகள் உண்டு: மூலப்பிரதி சட்டபூர்வமானதாக இருக்க வேண்டும், புத்தகம் முழுவதையோ அதன் பெரும்பகுதியையோ எடுக்கக் கூடாது. இணையத்தில் கிடப்பதை யார் ஏற்றினார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் 11 ஆம் பிரிவின் நியாயமான பாவனையையும் சேர்த்துத்தான் வாதாட வேண்டி வரும். வரைபடப் பக்கத்தையும் சரிசெய்யும் முறை உள்ள பக்கத்தையும் மட்டும் எடுத்துத் திருத்துபவரிடம் கொடுங்கள். இதற்காக உங்களை ஒருவரும் நீதிமன்றத்துக்கு இழுக்கப் போவதில்லை என்பது என் கணிப்பு. முழு மனுவலையும் அச்சடித்து விற்கத் தொடங்கினால் கதை வேறு: வேண்டுமென்று செய்த மீறலுக்கு 5 இலட்சம் ரூபா வரை தண்டம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பெட்டியைக் கழற்றிப் பலகையைப் பார்த்துத் தானாகவே சேர்க்கிற் வரைந்து கொள்ளும் திருத்துபவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஒரு முறைமையையோ அது இயங்கும் விதத்தையோ பதிப்புரிமை பாதுகாப்பதில்லை என்று 8 ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் காலத்து ஆக்கவுரிமைகளும் எப்போதோ முடிந்துவிட்டன. மாற்று ஐ.சி. போடுவதற்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. கசெற் ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்து தளர்ந்த றப்பர் பெல்ற்தான். இரைச்சலுக்குக் காரணம் காய்ந்துபோன கொண்டென்சராக இருக்கலாம். அவற்றுக்கு மனுவலே தேவைப்படாது. இது சட்ட ஆலோசனை இல்லை, பழைய பெட்டிகளோடு மல்லுக்கட்டியவனின் ஊகம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பின்மூடி. அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் சேர்க்கிற் வரைபடத்தைச் சிறு தாளில் அச்சடித்து மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருப்பார்கள். கொழும்பில் கேட்டு அலைந்த தாள் கடையின் மூலையில் கிடக்கக்கூடும். திருத்தக் கொடுத்த பொருளில் இருந்து கழற்றிய ஒவ்வொரு துண்டும், பழுதான துண்டும் கூட, உங்களுடையது. நியாயமான கூலி கட்டும்வரை பெட்டியைத் தடுத்து வைக்க எங்கள் ரோமன் டச்சுச் சட்டம் கடைக்காரரை அனுமதிக்கிறது. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அதை விற்க அவருக்கு உரிமை இல்லை. ஆனால் பார்த்ததற்கே கூலி உண்டென்று முன்னரே சொன்னாரா? பற்றுச்சீட்டைப் பாருங்கள். "பொருளுக்கு நாம் பொறுப்பல்ல" என்று அதில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். கவனயீனத்தால் வந்த இழப்பை அப்படி ஒரு வரியால் தட்டிக் கழிப்பது நியாயமானதா என்று 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதிமன்றம் பார்க்கும். வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது பாவனையாளர் சட்டத்தின் 32 ஆம் பிரிவு.

கூலியைக் கட்டி, "ஆட்சேபத்துடன் செலுத்தப்பட்டது" என்று எழுதிப் பற்றுச்சீட்டு வாங்கி, பெட்டியை மீட்டு விடுங்கள். மூடி வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் யாழ்ப்பாண அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்கலாம். இவ்வளவு சிறிய தொகைக்கு மல்லாகம் நீதிமன்றத்துக்குப் போக நினைத்தால் முதலில் மத்தியஸ்த சபையைத் தாண்ட வேண்டும். அங்கேயே முடியக்கூடிய பிணக்குத்தான் இது.

ஐ.சி.க்கு முதலில் புறக்கோட்டையில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் இருக்கிறது. பலாலியில் இருந்து விமானமும், காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலும் ஓடுகிற காலம் இது. போய் வருகிற யாரிடமாவது இலக்கத்தை எழுதிக் கொடுத்து விடுங்கள். ஒன்றிரண்டு துண்டு சொந்தப் பாவனைக்கு என்றால் பற்றுச்சீட்டோடு சுங்கத்தில் காட்டினால் போதும். பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்தால் அது வியாபாரச் சரக்கு. வோக்கி டோக்கி போன்ற ஒலிபரப்பும் கருவி எதையும் அவர் தலையில் கட்ட வேண்டாம். அதற்கு 1991 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும்.