போர்ஷன் முடியாதாம்!

ஆசிரியர்களுக்கான பயிற்சி எங்கே நடந்தாலும் தேநீர் இடைவேளைக்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். "நீங்க சொல்றதெல்லாம் கேட்க நல்லா இருக்கு மேடம். பசங்களைக் கேள்வி கேட்க விட்டா போர்ஷனை யார் முடிக்கிறது?" ஒருவர் சொல்வார், வரிசை முழுக்கத் தலையாட்டும். பெற்றோர் நடுவிலும் இதே புரளி வேறு உருவில் உலவுகிறது: "அந்த ஸ்கூல்ல புள்ளைங்களைப் பேச விட்டே பொழுதைப் போக்குறாங்களாம். பாடமே நடத்துறதில்லையாம்." இதைச் சொல்கிறவர்களில் ஒருவராவது கடிகாரத்தைப் பார்த்திருக்கிறாரா?

பார்த்தவர் ஒருவர் உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து, கேள்வி கேட்ட பிறகு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்று அளந்தார். 1970களில் அவர் வெளியிட்ட முடிவு: சுமார் 1 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளையிடம் தாவுகிறார்கள், இல்லை தாங்களே சொல்லிவிடுகிறார்கள். அதை 3 விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன. பதிலே வராமல் போவது குறைந்தது. மந்தம் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் வாய் திறந்தார்கள். பிள்ளைகள் தாங்களாகவே கேட்கும் கேள்விகள் கூடின. ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் பேசுவதும் கூடியது. இதற்கு ஆகும் செலவு? ஒரு பீரியடில் 20 கேள்வி கேட்கிற ஆசிரியருக்குக் கூடுதலாகப் போவது 40 விநாடி. சாக்பீஸ் தேடவே நமக்கு அதைவிட அதிக நேரம் ஆகிறது.

விநாடிக் கணக்கை விடுங்கள். போர்ஷன் முடிந்தது என்று நாம் சொல்வதுதான் என்ன? டிசம்பருக்குள் கடைசிப் பாடம்வரை வாசித்து, கேள்வி பதிலை நோட்டில் எழுத வைத்து, சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டாயிற்று. ஜனவரியில் ரிவிஷன். அப்புறம் ஸ்லிப் டெஸ்ட். மறுபடியும் ரிவிஷன், காலையில் ஒரு சிறப்பு வகுப்பு, மாலையில் இன்னொன்று. முடிந்துபோன பாடத்துக்கு இத்தனை மாதம் என்ன வேலை? முடிந்தது நம்முடைய பாடக்குறிப்பேடு. பிள்ளைக்கு அது இன்னும் தொடங்கவே இல்லை. கேள்விக்கு ஒதுக்க நேரமில்லை என்கிறவர்கள், கேள்வியே கேட்காமல் நடத்திய பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்த மட்டும் எங்கிருந்தோ நேரத்தைக் கொண்டுவந்துவிடுகிறார்கள்!

ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நான் பார்த்த வகுப்பைச் சொல்கிறேன். ஆவியாதல் பாடம். ஆசிரியை புத்தகத்தைத் திறக்கவில்லை. பலகையில் ஒரே ஒரு வரி எழுதினார்: 'ஈரத்துணி நிழலிலும் காயும்.' இதைப் பார்த்ததும் மனதில் வரும் கேள்விகளையெல்லாம் சொல்லுங்கள் என்றார். யாரும் பதில் சொல்லக்கூடாது. நல்ல கேள்வி, அசட்டுக் கேள்வி என்று யாரும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. சொன்னதைச் சொன்னபடியே பலகையில் எழுத வேண்டும். இவ்வளவுதான் விதி.

"வெயில் இல்லாம எப்படி மிஸ் காயும்?" "ராத்திரியும் காயுமா?" "அந்தத் தண்ணி எங்க போவுது?" "மடிச்சுப் போட்டா மட்டும் ஏன் காயாம நாத்தம் அடிக்குது?" பலகை நிறைந்தது. இவற்றில் முதலில் பேச வேண்டியது எது என்று பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். அவர்கள் எடுத்தது: "மழைக்காலத்துல ஏன் துணி காய மாட்டேங்குது?"

"அப்ப வெயில் இல்ல, அதான்" என்றான் ஒருவன். "நிழல்லயும் காயும்னு மிஸ் எழுதியிருக்காங்களே" என்று அவனை மடக்கினாள் ஒருத்தி. "எங்க வீட்டுல ஃபேனுக்கு அடியில விரிச்சுப் போடுவாங்க, காஞ்சுரும்." "அப்ப காத்துதான் காரணம்." "மழை நேரத்துலயும்தான் காத்து அடிக்குது?" இங்கே பேச்சு நின்றுவிட்டது. ஆசிரியையும் வாயைத் திறக்கவில்லை. அதுதான் அன்று அவர் செய்த பெரிய வேலை. கொஞ்சம் பொறுத்து ஒரு பெண் இழுத்தாள்: "காத்துலயே ஏற்கெனவே தண்ணி நெறைய இருக்கோ?"

வெப்பம், காற்றோட்டம், பரப்பு, காற்றின் ஈரப்பதம். ஆவியாதலைப் பாதிக்கும் காரணிகள் என்று நாம் மனப்பாடம் செய்ய வைக்கும் நான்கும் பலகைக்கு வந்துவிட்டன. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. எந்தப் போர்ஷன் கெட்டது?

அந்த ஆசிரியை கையாண்டது அவர் கண்டுபிடித்த முறையல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்றொரு ஊர். அங்கே ஏழைப் பெற்றோர் பிள்ளைகளின் பள்ளிக் கூட்டங்களுக்கு வராமலிருந்தார்கள். காரணம் விசாரித்தபோது, அங்கே போய் என்ன கேட்பதென்றே தெரியவில்லை என்றார்கள். அவர்களோடு வேலை செய்த டான் ராத்ஸ்டீன், லூஸ் சந்தானா இருவரும் கேள்வி கேட்கப் பழக்கும் ஒரு முறையை மெல்ல உருவாக்கினார்கள். பிறகு அதை வகுப்பறைக்கும் கொண்டுபோய் 2011இல் புத்தகமாகவும் எழுதினார்கள். கேள்வி கேட்பது சிலருக்கு மட்டும் வாய்த்த பிறவி வரம் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கதை போதும். பழக்கினால் வரும்.

இந்த 'பிறவி வரம்' நம்பிக்கைக்கு இன்னொரு அடியும் கொடுக்கலாம். பார்பரா டிசார்டு, மார்ட்டின் ஹியூஸ் இருவரும் இங்கிலாந்தில் நான்கு வயதுச் சிறுமிகள் 30 பேரின் பேச்சை வீட்டிலும் மழலைப் பள்ளியிலும் பதிவு செய்தார்கள். 1984இல் வெளிவந்த அவர்கள் நூலின்படி, அம்மாவிடம் மணிக்குச் சராசரியாக 26 கேள்வி கேட்ட அதே குழந்தைகள் பள்ளியில் கேட்டது 2. வாசலில் செருப்போடு சேர்த்துக் கேள்வியையும் கழற்றி வைக்கச் சொல்வது யார்? நாம்தான். அப்புறம், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு எதிலயும் ஆர்வமே இல்லை" என்ற புலம்பல் வேறு.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு, நம் மரபு கைகட்டி வாய்பொத்திக் கேட்பது என்று ஒரு தமிழாசிரியர் என்னிடம் வாதாடினார். தமிழாசிரியர்! நன்னூலைப் புரட்டாதவரா அவர்? 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால்பங்குதான். உடன் பயில்கிறவர்களோடு பழகிப் படிப்பதில் இன்னொரு கால். மீதி அரை, பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வரும். இந்தக் கணக்கை நாம் தேர்வில் கேட்டு மதிப்பெண் போடுகிறோம். வகுப்பில் முக்கால் பங்கைத் தூக்கிக் குப்பையில் போடுகிறோம். வினா ஆறு வகை என்று பத்தாம் வகுப்பில் நடத்துகிறோமே, அதில் அறிவினா என்பது விடை தெரிந்தவர் கேட்பது. அறியாவினா தெரியாதவர் கேட்பது. ஒரு நாள் முழுக்க எந்த வகுப்பிலாவது உட்கார்ந்து பாருங்கள். காதில் விழுவதெல்லாம் அறிவினா, அதுவும் ஆசிரியர் வாயிலிருந்து.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை.

"டவுட் இருக்கா? யாருக்கும் இல்லையா? சரி, அடுத்த பாடம்." இந்த அமைதிக்குப் புரிதல் என்று பெயர் வைக்காதீர்கள். பாதிப் பேருக்கு என்ன புரியவில்லை என்பதே புரிந்திருக்காது. 'இதில் எந்த இடத்தில் குழப்பம்?' என்று கேட்டு, பக்கத்தில் இருப்பவரோடு ஒரு நிமிடம் பேச விடுங்கள். அப்புறம் பாருங்கள்.

கேள்வி கேட்கிற பிள்ளை அதிகப்பிரசங்கி என்பது சோம்பேறித்தனம். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொருவர் கருத்தை எடுத்துப் பேசுவது காப்பியடிப்பது என்ற எண்ணம் பெற்றோரிடம் இருக்கிறது. தவறு. அடுத்தவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்ப்பதோ, அதில் ஓட்டை கண்டுபிடிப்பதோ கேட்காமல் நடக்காது. கவனித்துக் கேட்பதுதான் இதில் பாதி வேலை. ஆனால் எல்லோரும் "ஆமா, ஆமா" என்று தலையாட்டுவதும் சேர்ந்து சிந்திப்பது ஆகாது. பிள்ளைகளின் பேச்சை நெடுங்காலம் ஆராய்ந்த கேம்பிரிட்ஜ் கல்வியாளர் நீல் மெர்சர் இந்த இரண்டையும் தனித்தனியே பிரித்தே பேசுகிறார். காரணம் சொல், காரணம் கேள், எல்லோரையும் பேச விடு என்ற சில விதிகளைப் பழக்கிய பிள்ளைகள் குழுவாக மட்டுமில்லாமல் தனியாக எழுதிய புதிர்த் தேர்விலும் முன்னேறியதை அவரும் சகாக்களும் கண்டார்கள். ஆசிரியர் செய்ய வேண்டியது அதிகமில்லை. "அவன் சொன்னதை நீ உன் வார்த்தையில சொல்லு." "நீ ஒத்துக்கறியா? ஏன்?" இந்த இரண்டும் போதும். முக்கியமாக, முதல் பதிலுக்கே "வெரிகுட்" சொல்லாதீர்கள். வெரிகுட் விழுந்த இடத்தில் மற்ற நாற்பது பேரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இதையெல்லாம் கெடுப்பதில் பெஞ்சுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கட்சி. வரிசையாகப் போட்ட பெஞ்சில் ஒரு பிள்ளைக்குத் தெரிவது முன்னால் இருப்பவனின் பிடரி. முகமே தெரியாதவன், பலகையைப் பார்த்து முணுமுணுத்த பதிலை இவன் எப்படிக் கேட்டு, எப்படித் தொடர்வான்? 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது ஆசிரியரும் பிள்ளைகளும் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அதில் பாடத்துக்குப் பயன்படுத்திய அட்டைகளைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு, பாயைப் பற்றி ஒன்றுமில்லை. 2025 ஜூலையில் 'ப' வடிவில் இருக்கை போடும் பேச்சு வந்ததும் கழுத்து வலிக்கும் என்று கூச்சல் எழுந்தது. வருடக்கணக்கில் பின் பெஞ்சில் இருந்து எட்டி எட்டிப் பார்த்த கழுத்துகளுக்காக அப்படி யாரும் குரல் கொடுத்து நான் கேட்டதில்லை.

எழுதுவதற்கு மேசை வேண்டும், மறுக்கவில்லை. இருக்கும் பெஞ்சுகளில் ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டால் எதிரெதிர் முகம் வந்துவிடும். ஆனால் ஆண்டுதோறும் பழைய நினைவில் பள்ளிக்கு வந்து, பெயர் பொறித்த பெஞ்சுகளை அன்பளிப்பாகக் கொடுக்கும் முன்னாள் மாணவர் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம்: பெஞ்சு போதும். அடுத்த முறை பெரிய ஜமுக்காளங்களாக வாங்கித் தாருங்கள். பவானியில் தறியை நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் நெசவாளர்களுக்கும் கொஞ்சம் வேலை கிடைக்கும்.