கழுத்து வலிக்கு இரண்டே நிமிடம்

மாலை நான்கு மணி ஆனால் போதும், ஒரு கை தானாகக் கழுத்துக்குப் பின்னால் போகும். தோள்பட்டையை அமுக்கிப் பிடித்துவிடும். தைலம் தடவியாயிற்று. நாற்காலியை மாற்றச் சொல்லி நிர்வாகத்துக்கு மெயில் எழுதியாயிற்று. வலி மட்டும் போகவில்லை. உங்கள் கதையும் இதுதான் என்றால், டென்மார்க்கில் நடந்த ஒரு சோதனையைக் கேளுங்கள்.

அடிக்கடி கழுத்து, தோள் வலியால் அவதிப்பட்ட 198 அலுவலக ஊழியர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு 2 நிமிடம், இன்னொன்றுக்கு 12 நிமிடம், வாரத்தில் 5 நாள், ரப்பர் பட்டை இழுக்கும் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு வெறும் உடல்நலக் குறிப்புகள். 10 வாரம் கழித்து, பத்துக்கு இவ்வளவு என்று போடும் வலி மதிப்பெண், மூன்றாவது குழுவோடு ஒப்பிட்டால் 2 நிமிடக்காரர்களுக்கு 1.4 குறைந்திருந்தது, 12 நிமிடக்காரர்களுக்கு 1.9. தசையை அமுக்கினால் எடுக்கும் வலியும் இரு குழுவிலும் குறைந்தது. ஆறு மடங்கு உழைத்ததற்குக் கூடுதல் கூலி அரை மதிப்பெண்தான்! நேரமில்லை என்ற சாக்கு இனி எடுபடாது.

பட்டையின் நடுவில் ஏறி நில்லுங்கள். இரு முனைகளையும் பிடித்து, முழங்கையை லேசாக மடக்கி, கைகளைப் பக்கவாட்டில் சற்றே முன்தள்ளித் தோள் உயரம்வரை தூக்கி, மெதுவாக இறக்குங்கள். கை ஓயும்வரை செய்யலாம். போனால் 2 நிமிடம். எளிதாகிவிட்டால் இன்னும் முரட்டுப் பட்டைக்கு மாறுங்கள்.

தசை பலப்படுவது பாதிக் கதைதான். சிட்னியில் சிலரை 6 வாரம், வாரம் மூன்று முறை, அரைமணி நேரம் சைக்கிள் மிதிக்கவைத்தார்கள். பிறகு கையில் ரத்த ஓட்டத்தை இறுக்கி நிறுத்தி, பிடிப்பயிற்சி செய்யச் சொல்லிச் சோதித்தார்கள். அழுத்தினால் வலி தொடங்கும் புள்ளி மாறவில்லை. கைச் சோதனையில் தாங்கிய நேரம் கூடியிருந்தது. மிதித்தது கால், தாங்கியதோ கை! வலியை மூளை எடைபோடும் விதமே மாறியிருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதல் வாரம் தோள் கனக்கும். புதிய பயிற்சிக்குப் பின் ஓரிரு நாளில் அது உச்சத்துக்குப் போய்த் தானே அடங்கும். இதில் பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஆனால் கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, வலி கைவழியாக இறங்கினாலோ முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஃபைப்ரோமயால்ஜியா போன்ற உடல் முழுக்க வலிக்கும் நோய் உள்ளவர்களுக்கு, எடுத்த எடுப்பில் கடுமையான பயிற்சி வலியைக் கூட்டவும் செய்யும். அவர்கள் மிகக் குறைவாகத் தொடங்க வேண்டும்.

மேலாளர்களே, அந்த 2 நிமிடத்தை டீ இடைவேளையிலிருந்து கழிக்காதீர்கள். மீட்டிங் அறைக் கதவில் நாலு பட்டைகளைத் தொங்கவிடுங்கள். முதல் ஆளாக நீங்களே இழுங்கள்.