காப்பியும் தேநீரும்: அளவும் வேளையும்

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் நடவு நாட்களிலும் மணிலாக்கொட்டை பிடுங்கும் நாட்களிலும் வெறும் வயிற்றில் தேநீர் அருந்திவிட்டு வயலுக்குச் செல்வோர் பலர். அது களைப்பைப் போக்கும் என்பது அவர்தம் நம்பிக்கை. இதன் உண்மையை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

காப்பியிலும் தேயிலையிலும் காபீன் என்னும் பொருள் உண்டு. 1819-ஆம் வருஷத்தில் ஜெர்மானிய ரசாயன நிபுணர் ரூங்கே இதனைக் காப்பிக்கொட்டையினின்று பிரித்தெடுத்தார். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்து உறக்கத்தை அழைக்கிறது. காபீன் அவ்வழைப்பை மூளை உணராதபடி தடுக்கிறது. ஆகவே களைப்பு தீர்வதில்லை. அதன் உணர்ச்சியே மறைகிறது. கடன் அடைபடவில்லை, தவணைதான் தள்ளிப்போகிறது.

உட்கொண்ட காபீனிற் பாதி நீங்கவே சுமார் 5 மணி நேரம் செல்லும். பௌர்ணமி இரவில் கிரிவலம் செல்வோர்க்கு அது விழிப்பைத் தரலாம். நாள்தோறும் இரவில் அருந்துவோர்க்கு உறக்கத்தைக் கெடுக்கும். அளவு மிஞ்சினால் படபடப்பும் கைநடுக்கமும் உண்டாகும்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்குக் காபீன் 300 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்கிறது. 150 மில்லிலிட்டர் வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராமும், அதே அளவு தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராமும் இருக்கும். சிக்கரியில் காபீன் இல்லை.

அளவினும் முக்கியமானது வேளை. இப்பானங்களிலுள்ள துவர்ப்புப் பொருள், கேழ்வரகிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்காதபடி செய்யும். பெண்களின் இரத்தசோகை இதனால் மிகும்.

ஆதலின் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளல் வேண்டும்:

1. உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் இவற்றை அருந்தலாகாது.

2. காலையில் கூழோ பழைய சோறோ உண்டபின்னரே வேலைக்குச் செல்க. தேநீர் உணவாகாது.

3. கர்ப்பிணிகளின் உடலில் காபீன் நெடுநேரம் தங்கிச் சிசுவையும் அடையும். அவர்கள் நாளொன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு உட்படுத்திக்கொள்ளல் நன்று.

4. பழகியவர் ஒரே நாளில் விட்டால் தலைவலி வரும். சிறிது சிறிதாகக் குறைக்க.

5. குழந்தைகளுக்கு இவை வேண்டுவதில்லை. சங்கத்திற்குப் பால் முழுவதையும் ஊற்றிவிட்டு, வீட்டுக் குழந்தைக்கு வரத்தேநீர் கொடுத்தல் தகாது. முதலில் குழந்தைக்கு ஒரு தம்ளர் பாலை நிறுத்திக்கொண்டு, எஞ்சியதைச் சங்கத்திற்கு ஊற்றுக. அப்பால் பற்றுவரவுப் புத்தகத்தில் ஏறாவிடினும் குடும்பத்திற்கு வரவேயாகும்.