படத்தை விட்டுப் பதிவைப் பார்

கொக்குவில்

அன்புள்ள பெறாமகளுக்கு,

கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் கணினிகளுக்கெல்லாம் நீதான் பொறுப்பு என்று அம்மா சொல்லக் கேட்டு மனம் நிறைந்தது. ஆனால் நேற்றிரவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ போட்ட படத்தைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

படத்தில் மென்பொருள் ஓட்டை ஒன்றின் சி.வி.இ-2021-44228 என்ற இலக்கம் இருந்தது. ஆபத்து 10க்கு 10, லொக்4ஜே மென்பொருளை 2.15 பதிப்புக்கு மாற்றினால் சரி என்று எழுதியிருந்தது. அந்த இலக்கத்தைக் கொண்டே மூலப் பதிவைத் திறந்து பார்த்தேன். இலக்கம் சரி, புள்ளியும் சரி. ஆனால் அது 2021 டிசம்பரில் வெளிவந்த சங்கதி. 2.15இல் செய்த திருத்தம் குறையானது என்று சில நாட்களிலேயே தெரியவந்து, அந்த மாதத்துக்குள்ளேயே 2.16, 2.17 என்று அடுத்தடுத்து விட்டார்கள். பதிவையும், அதிலிருந்து போகும், லொக்4ஜேயை வெளியிடும் அப்பாச்சி அமைப்பின் பக்கத்தையும் வடிவாய்ப் பார்த்தால் இது விளங்கும். உன் படம் முதல் நாளோடு நின்றுவிட்டது. அதை நம்பி 2.15 போட்டுவிட்டு நீ நிம்மதியாய் நித்திரை கொண்டிருப்பாய்.

முப்பது வருடம் நூலகத்தின் உசாத்துணைப் பகுதியில் இருந்தவன் நான். "அந்தப் புத்தகத்தில் இப்படி இருக்காம்" என்று யாரும் வந்தால், புத்தகத்தையே எடுத்து மேசையில் வைத்து, எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று காட்டித்தான் அனுப்புவோம். உன் தொழிலுக்கும் அப்படி ஒரு அலுமாரி இருக்கிறது. 1999 முதல் மைட்டர் நிறுவனம் நடத்தும் சி.வி.இ பட்டியல் ஒன்று. அதற்குப் புள்ளியும் விவரமும் சேர்க்கும் நிஸ்ட் நிறுவனத்தின் என்.வி.டி இன்னொன்று. இரண்டுக்கும் காசு இல்லை.

புள்ளியை மட்டும் பார்த்து ஓடாதே. 2024 பெப்ரவரி முதல் என்.வி.டியில் வேலை தேங்கி, பல பதிவுகள் புள்ளியே இல்லாமல் கிடந்தன. வெறுமையாய் இருப்பதால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடக் கூடாது. 9.8 என்று போட்டிருந்தாலும் உன் கந்தோரில் அந்த மென்பொருளே இல்லாவிட்டால் பதற வேண்டியதில்லை. சிசா என்ற அமெரிக்க நிறுவனம், உண்மையாகவே தாக்குதலுக்குப் பயன்பட்ட ஓட்டைகளை மட்டும் 2021 நவம்பர் முதல் தனியாகப் பட்டியலிட்டு வருகிறது. அதில் உள்ள ஒன்று உன்னிடமும் இருந்தால், மற்ற வேலையை வைத்துவிட்டு அன்றைக்கே அதைச் செய்.

எங்கள் நாட்டில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். 2023 ஓகஸ்டில் அரசாங்கத்தின் முகில் சேவையைக் கப்பம் கேட்கும் நிரல் தாக்கியது. ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் போயே போய்விட்டன. அந்த இடைக்காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. அங்கே ஓடிக்கொண்டிருந்த மின்னஞ்சல் மென்பொருள் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அவ்வருடம் ஏப்ரல் 11ஆம் திகதியோடு முடிகிறது என்று மைக்ரோசொஃப்ட் முன்கூட்டியே பகிரங்கமாய் அறிவித்திருந்தது. தெரிந்துகொள்வதற்குத் தடை ஒன்றும் இருக்கவில்லை. தெரிந்ததைச் செய்வதற்குத்தான் காசும் முடிவும் வந்து சேரவில்லை. நீயும் பதிவைப் பார்த்ததோடு நிற்காதே. தலைவரிடம் எழுத்தில் கொடு, திகதி போட்டுக் கொடு.

காப்புப் பிரதி பற்றி யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1981இல் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பி வரவில்லை. 2005இல் "நூலகம்" என்ற இணையத்தளம் தொடங்கி, எங்கள் புத்தகங்களைப் பக்கம் பக்கமாய் வருடி ஏற்றத் தொடங்கியபோது நான் கண் கலங்கினேன். சங்கத்தின் அங்கத்தவர் கணக்கும் அந்தப் புத்தகங்களைப் போலத்தான். ஒரு பிரதியைக் கணினியில் இருந்து கழற்றி வேறு கட்டிடத்தில் வை.

ஏதும் நடந்துவிட்டால் மறைக்காமல், கணினி அவசர உதவி அமைப்பான இலங்கை செர்ட்டுக்கு 101இல் அழை.

வருகிற சனிக்கிழமை வீட்டுக்கு வா. கந்தோரில் எந்தெந்த மென்பொருள், எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வா. ஒவ்வொன்றாய் இருந்து பார்ப்போம்.

அன்புடன்,
பெரியப்பா